பால் குடித்த பாம்பும் ஷெர்லக் ஹோம்ஸின் பக்தர்களும்

டாக்டர் வாட்சனுக்குக் குண்டடி பட்டது தோளில். 1880-ல் ஆப்கானிஸ்தானில் நடந்த மைவாண்ட் சண்டை அது. துப்பறியும் ஷெர்லக் ஹோம்ஸும், அவர் கதைகளைச் சொல்லும் நண்பர் வாட்சனும் அறிமுகமான முதல் நாவல் 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' 1887-ல் அப்படித்தான் அடித்துச் சொல்கிறது. மூன்று வருஷம் கழித்து வந்த 'தி சைன் ஆஃப் ஃபோர்' நாவலைப் பிரித்தால், அதே டாக்டர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். குண்டு துளைத்த காலாம், பருவம் மாறும்போதெல்லாம் வலிக்கிறதாம்! தோளில் புகுந்த குண்டு மெதுவாக இறங்கி, ஒருவழியாகக் காலுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

நாமாக இருந்தால், "எழுதினவர் மறந்துட்டார்ப்பா" என்று அடுத்த பக்கத்துக்குப் போயிருப்போம். உண்மையும் அதுதான். ஆனால் லண்டனிலும் நியூயார்க்கிலும் ஒரு கூட்டம் இருக்கிறது. பேராசிரியர், டாக்டர், வக்கீல் என்று எல்லாம் மெத்தப் படித்தவர்கள். அவர்கள் வாயிலிருந்து அந்த ஒரு வாக்கியம் மட்டும் வராது. பாய்ந்தது இரண்டு குண்டு என்கிறது ஒரு கட்சி. இல்லையில்லை, ஒரே குண்டுதான், வாட்சன் அப்போது குனிந்திருந்தார், அது தோளில் நுழைந்து காலில் முடிந்தது என்கிறது இன்னொரு கட்சி. இந்தப் பஞ்சாயத்து தலைமுறை தலைமுறையாக, அடிக்குறிப்புகளோடு, நடந்துகொண்டிருக்கிறது.

"கதையை இப்படி நோண்டினால் ரசிக்க முடியுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இன்றைக்கு ஒரு படம் ரிலீஸானால் மதியத்துக்குள் இரண்டு கட்சி கிளம்பிவிடுகிறது. ஒன்று, "லாஜிக் பார்க்காதே, என்ஜாய் பண்ணு" கட்சி. இன்னொன்று, "நாற்பத்தேழாவது நிமிஷத்தில் ஹீரோவின் வாட்ச் எந்தக் கையில் இருந்தது?" கட்சி. இரண்டும் ஒன்றையொன்று முட்டாள் என்று நம்புகின்றன. இந்தச் சண்டைக்கு ஹோம்ஸ் ரசிகர்கள் நூறு வருஷத்துக்கு முன்பே ஒரு தீர்ப்பு எழுதிவிட்டார்கள். தமாஷ் என்னவென்றால், அதை எழுதத் தொடங்கியவர் கிண்டல் செய்யத்தான் பேனாவை எடுத்தார்.

அவரிடம் போவதற்கு முன், முதல் குற்றவாளியைப் பார்த்துவிடுவோம். ஆர்தர் கோனன் டாயில். வைத்தியம் படித்தவர், கம்பீரமான மீசைக்காரர், பின்னாளில் 'சர்' பட்டம் வாங்கியவர். முதல் ஹோம்ஸ் நாவலை 25 பவுண்டுக்கு, மொத்த உரிமையையும் சேர்த்து, தூக்கிக் கொடுத்தவர். உலகம் தன்னைச் சரித்திர நாவலாசிரியராக நினைவில் வைத்துக்கொள்ளும் என்பது அவருடைய திடமான நம்பிக்கை. 'தி ஒயிட் கம்பெனி' என்ற சரித்திர நாவலுக்காகப் புத்தகம் புத்தகமாகப் படித்து ஆராய்ந்தார். ஹோம்ஸ் கதைகளுக்கோ, முந்தின கதையை ஒருதரம் திருப்பிப் பார்க்கக்கூட அவருக்குப் பொறுமையில்லை. பலன்? ஆராய்ந்து எழுதியதை இன்று ஆராய்ச்சியாளர்கள் படிக்கிறார்கள். அசட்டையாக எழுதியதை உலகமே ஆராய்கிறது.

ஹோம்ஸ் தன் நேரத்தையெல்லாம் தின்கிறான் என்று டாயிலுக்கு மகா கோபம். 1891-லேயே தீர்த்துக்கட்டிவிடலாம் என்று அம்மாவுக்கு எழுதினார். அம்மா விடவில்லை. தடை போட்டதோடு நிற்காமல், அடுத்த கதைக்கு ஒரு ஐடியாவையும் கொடுத்தனுப்பினார். 'தி ஸ்ட்ராண்ட்' பத்திரிகை மேலும் கதை கேட்டபோது, இதைக் கேட்டால் ஓடிவிடுவார்கள் என்று நினைத்து, ஒரு டஜனுக்கு ஆயிரம் பவுண்டு என்றார். ஓடவில்லை. உடனே சரி என்றார்கள். வாசகர்களைத் தவிர்க்க விலையை ஏற்றி, அதனாலேயே பணக்காரரான எழுத்தாளர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்!

கடைசியில் 1893 டிசம்பரில் ஸ்விட்சர்லாந்தின் ரைஹன்பாக் அருவியில் ஹோம்ஸைத் தள்ளிவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டார். மூச்சு முழுதாக வெளியே வருவதற்குள் கடிதங்கள் குவிந்தன. ஒரு பெண்மணி, 'அட மிருகமே' என்கிற தோரணையிலேயே கடிதத்தை ஆரம்பித்திருந்தார். லண்டன் இளைஞர்கள் துக்கம் கொண்டாடக் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு ஆபீஸ் போனார்கள் என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்துச் சாட்சி ஒன்றும் அதற்குச் சிக்கவில்லை. வாட்சனின் ஒரு குண்டுக்கு நூறு பக்கம் ஆதாரம் கேட்கும் பக்தர்கள், தங்களைப் பற்றிய இந்தக் கதையை மட்டும் ஆதாரம் கேட்காமல் விழுங்கிவிட்டார்கள்.

பத்து வருஷம் கழித்து, நல்ல துட்டு கண்ணில் பட்டதும், ஹோம்ஸ் சாகவே இல்லை என்று டாயில் பிளேட்டைத் திருப்பிப் போட்டார். 1903-ல் தலைவர் ரிட்டர்ன். எல்லோரும் ஆனந்தக் கண்ணீர் விட்டபோது, கார்ன்வால் பக்கத்துப் படகோட்டி ஒருவர் டாயிலிடமே நேருக்கு நேர் தன் கருத்தைச் சொன்னாராம். அருவியில் விழுந்தபோது ஹோம்ஸ் செத்திருக்கமாட்டார், ஆனால் அதற்கப்புறம் அவர் பழைய ஆள் இல்லை என்று. உலகத்தின் முதல் 'சீக்வெல் சரியில்லை' விமர்சனம் இதுவாகத்தான் இருக்கும். டாயில் கோபித்துக்கொள்ளவில்லை. தன் சுயசரிதையில் அதை ரசித்து எழுதிவைத்தார்.

இப்போது நம் கிண்டல்காரர். பெயர் ரொனால்ட் நாக்ஸ். ஆங்கிலிகன் பிஷப்பின் பிள்ளை, பிற்காலத்தில் கத்தோலிக்கப் பாதிரியார். 1911-ல் ஆக்ஸ்ஃபோர்டு டிரினிட்டி கல்லூரியில், ஒரு சின்ன மாணவர் சங்கக் கூட்டத்தில், ஹோம்ஸ் இலக்கிய ஆராய்ச்சி என்று ஒரு கட்டுரை படித்தார். அப்போது ஜெர்மன் அறிஞர்கள் பைபிளை வரிவரியாகப் பிரித்து, 'இந்த அத்தியாயம் எழுதியவர் வேறு, அந்த அத்தியாயம் எழுதியவர் வேறு' என்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டிருந்தார்கள். அதே கத்தியை நாக்ஸ் ஹோம்ஸ் கதைகளில் வைத்துக் காட்டினார். ஒவ்வொரு கதைக்கும் பதினோரு உறுப்புகள் என்று கிரேக்கப் பெயர் சூட்டினார். இல்லாத பண்டிதர்களை உற்பத்தி செய்து, சாவோஷ் இப்படிச் சொல்கிறார், அதை மறுத்து முஸ்யே பிஃப்-பூஃப் அப்படிச் சொல்கிறார் என்று மேற்கோள் வேறு! அருவிக்குப் பிந்திய கதைகள் எல்லாம் வாட்சனின் கட்டுக்கதை என்று முடித்தார்.

எதற்காக இவ்வளவு? "இந்த முறையில் ஆராய்ந்தால் எதையும் நிரூபிக்கலாம், பார்த்தீர்களா?" என்று பைபிள் ஆராய்ச்சியாளர்களின் மூக்கை உடைக்கத்தான். உடைந்ததா தெரியாது. ஆனால் கேட்டவர்களில் ஹோம்ஸ் பிரியர்கள் எழுந்து நின்று, "அடடா, இது நல்ல விளையாட்டாக இருக்கிறதே!" என்றார்கள். டாயில் அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நாக்ஸுக்கே கடிதம் போட்டார்: இந்தச் சரக்குக்குப் போய் இத்தனை மெனக்கெட ஒரு மனிதரா என்ற வியப்பு! ஹோம்ஸ் கதைகளைப் பற்றித் தன்னைவிட நாக்ஸுக்கு அதிகம் தெரியும் என்றும் ஒப்புக்கொண்டார். மதத்தைக் காப்பாற்றக் கிளம்பிய கேலி, ஒரு புது மதத்தைத் தொடங்கிவைத்துவிட்டது.

மதம் என்று சும்மா சொல்லவில்லை. நான்கு நாவல், 56 சிறுகதை, ஆக 60. இதற்கு 'கேனன்' என்று பெயர். பைபிள் ஆகமங்களுக்கு இருக்கிற அதே பெயர். 1934-ல் எழுத்தாளர் கிறிஸ்டோஃபர் மார்லி நியூயார்க்கில் 'பேக்கர் ஸ்ட்ரீட் இர்ரெகுலர்ஸ்' சங்கத்தைத் தொடங்கினார். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே அதில் கௌரவ உறுப்பினர். விளையாட்டின் விதி ஒன்றே ஒன்று. ஹோம்ஸும் வாட்சனும் நிஜமாக வாழ்ந்தவர்கள், எழுதியவர் வாட்சன். டாயில்? அவர் வாட்சனின் இலக்கிய ஏஜென்ட்! இறந்துபோனவரைப் பிழைக்கவைத்த பாவத்துக்கு, சர் ஆர்தர் கமிஷன் ஆசாமியாகிவிட்டார்.

இனி பிழைகளுக்குக் கொண்டாட்டம்தான். வாட்சனின் பெயர் ஜான் எச். வாட்சன். ஆனால் 'தி மேன் வித் த ட்விஸ்டட் லிப்' கதையில் அவருடைய மனைவியே அவரை ஜேம்ஸ் என்று கூப்பிடுகிறார். கட்டின புருஷன் பேர்கூடவா மறந்துபோகும்? நாவலாசிரியை டோரதி சேயர்ஸ் வரிந்துகட்டிக்கொண்டு வந்தார். நடுவில் இருக்கும் 'எச்' என்பது ஹேமிஷ். ஸ்காட்லாந்தில் ஜேம்ஸுக்கு அதுதான் பெயர். ஆகவே மனைவி செல்லமாக ஜேம்ஸ் என்றார். கேஸ் முடிந்தது! டாயிலின் ஒரு கைப்பிசகு, ஒரு தம்பதியின் அந்யோன்யத்துக்கு அத்தாட்சியாகிவிட்டது.

இதே சேயர்ஸ் அம்மையார்தான் விளையாட்டுக்கு இலக்கணமும் வகுத்தார். லார்ட்ஸ் மைதானத்தில் கிரிக்கெட் ஆடுகிற முகபாவத்தோடு இதை ஆடவேண்டும், கொஞ்சம் கோமாளித்தனம் தட்டினாலும் சுவாரஸ்யம் போச்சு என்பது அவர் கட்சி. சொன்னபடி நடக்கவும் செய்தார். ஹோம்ஸ் படித்தது ஆக்ஸ்ஃபோர்டா, கேம்பிரிட்ஜா என்ற பெரிய வழக்கில், கல்லூரி நாட்களில் ஹோம்ஸை ஒரு நாய் கடித்ததை வைத்துத் துப்பறிந்து, கேம்பிரிட்ஜ்தான் என்று தீர்ப்பளித்தார். அம்மையார் படித்தது ஆக்ஸ்ஃபோர்டில்! சொந்தப் பல்கலைக்கழகத்தையே தோற்கடித்தார் என்றால், அந்த முகபாவத்தின் சீரியஸை யோசித்துப் பாருங்கள்.

ஹோம்ஸின் பிறந்தநாள்? கதைகளில் எங்கும் இல்லை. அதனாலென்ன, ஜனவரி 6 என்று முடிவு கட்டினார்கள். ஆதாரம்: 'தி வேலி ஆஃப் ஃபியர்' ஒரு ஜனவரி 7 காலையில் தொடங்குகிறது. ஹோம்ஸ் காலை டிஃபனைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறார். ஏன் தொடவில்லை? முந்தின ராத்திரி பர்த்டே பார்ட்டி, தலை சுற்றுகிறது! இந்தத் தர்க்கத்தை நம்பி, அந்த நாளை ஒட்டி வருஷா வருஷம் ஜனவரியில் நியூயார்க்கில் பெரிய விருந்து நடக்கிறது. சாப்பிடாமல் இருந்த ஒரு மனிதரின் பெயரால் இத்தனை பேர் சாப்பிடுகிறார்கள்.

1941-ல் அப்படி ஒரு விருந்தில் துப்பறியும் கதாசிரியர் ரெக்ஸ் ஸ்டவுட் எழுந்து ஒரு குண்டைப் போட்டார். வாட்சன் ஒரு பெண்! ஹோம்ஸ் எத்தனை மணிக்கு எழுந்தார், எப்போது சாப்பிட்டார், எப்போது வெளியே போனார் என்று ஒருவர் பக்கம் பக்கமாகக் குறித்துவைக்கிறார் என்றால் அவர் மனைவியாகத்தான் இருக்கமுடியும் என்றார். அதோடு விட்டாரா? கதைத் தலைப்புகளைத் தனக்கு வேண்டிய வரிசையில் அடுக்கி, முதலெழுத்துகளைக் கூட்டி, 'ஐரீன் வாட்சன்' என்று படித்துக் காட்டினார். நாக்ஸ் எச்சரித்தது இதைத்தான். இந்த முறையில் எதையும் நிரூபிக்கலாம். ஆனால் அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் அது தெரியும். தெரிந்தே மறுப்புக் கட்டுரை எழுத ஓடினார்கள்.

இப்போது பாம்புக்கு வருவோம். 'தி ஸ்பெக்கிள்ட் பேண்ட்' கதையில் டாக்டர் ராய்லாட் என்ற வில்லன் இந்தியாவிலிருந்து ஒரு பாம்பை வரவழைத்து வைத்திருக்கிறார். அது கிண்ணத்தில் பால் குடிக்கிறது. விசில் அடித்தால் திரும்பி வருகிறது. மணிக்கயிறு வழியாக லிஃப்ட் மாதிரி ஏறி இறங்குகிறது. இந்தியாவிலேயே கொடிய விஷமுள்ள 'சதுப்புநில விரியன்' என்று ஹோம்ஸ் பார்த்தவுடன் அடையாளம் சொல்கிறார். அப்படி ஒரு பாம்பு நம் நாட்டில் கிடையாது. பாம்புக்கு விசில் சத்தம் உருப்படியாகக் கேட்காது. பால் அதன் ஆகாரமே இல்லை. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் டாயிலைக் கண்டிக்க நமக்கு யோக்யதை கிடையாது. ஆடிவெள்ளிக்குப் புற்றில் பால் ஊற்றிவிட்டு வந்தவர்கள்தானே நாம்!

அமெரிக்காவில் கிலுகிலுப்பை விரியன் ஆராய்ச்சிக்குப் பேர்போன லாரன்ஸ் கிளாபர் இந்தக் கேஸைக் கையில் எடுத்தார். நிஜமான நிபுணர். அவர் நினைத்திருந்தால் 'டாயிலுக்குப் பாம்பு தெரியாது' என்று ஒரு வரியில் கதையைக் கொன்றிருக்கலாம். செய்யவில்லை. அது பாம்பே இல்லை என்று ஆரம்பித்தார். கிலா மான்ஸ்டர் என்ற விஷப் பல்லிக்கும் இந்திய நாகத்துக்கும் பிறந்த கலப்பினம், அதனால்தான் காது கேட்கிறது, அதனால்தான் கயிறு ஏறுகிறது என்று விலங்கியல் பெயரோடு நிறுவினார். வாழ்நாள் முழுக்கச் சேர்த்த படிப்பு அத்தனையும் ஒரு பொய்ப்பாம்பின் மானத்தைக் காப்பாற்றச் செலவானது. இதைவிடப் பெரிய ரசனை உண்டா?

டாயிலுக்கும் இந்தக் கதைமேல் தனிப்பாசம். 1927-ல் தன் கதைகளில் சிறந்த பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்தபோது முதலிடம் இதற்குத்தான் கொடுத்தார். முன்பு 1910-ல் இதை நாடகமாகப் போட்டபோது, மேடையில் உயிருள்ள மலைப்பாம்பையே இறக்கினார். பெருமையோ பெருமை. மறுநாள் ஒரு விமர்சகர் எழுதினார்: பாம்பு பொம்மை என்பது அப்பட்டமாகத் தெரிகிறது. எழுபது தப்புள்ள பாம்பை நம்பிய உலகம், எலும்பும் சதையுமான பாம்பை நம்பவில்லை.

ரசிக்காமல் ஆராய்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சாட்சி 'சில்வர் பிளேஸ்'. குதிரைப் பந்தயக் கதை. பந்தயம் தெரிந்த ஒருவர் பத்திரிகையில் கிழிகிழி என்று கிழித்தார். கதையில் நடப்பதுபோல நடந்தால் பாதிப் பேர் ஜெயிலில் இருப்பார்கள், மீதிப் பேருக்கு வாழ்நாள் முழுக்க மைதானத்தில் நுழையத் தடை. ஒவ்வொரு வார்த்தையும் சரி. அந்த மனிதரின் பெயர் இன்று யாருக்கு ஞாபகம் இருக்கிறது? டாயில் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். ஆனால் 'தி பிரயரி ஸ்கூல்' கதையில் சைக்கிள் தடத்தைப் பார்த்தே அது போன திசையை ஹோம்ஸ் சொன்னது சாத்தியமா என்று வாசகர்கள் கேட்டபோது, சைக்கிளை எடுத்துக்கொண்டு தானே மிதித்துப் பார்த்தார். ஹோம்ஸ் சொன்ன முறையில் சாத்தியமில்லை, நீங்கள் சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொண்டார். கிழித்தவருக்குக் கிடைத்தது அலட்சியம். விடாமல் கேட்டவர்களுக்கு ஆசிரியரே வியர்க்க விறுவிறுக்க சைக்கிள் ஓட்டினார்.

பக்தர்களைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறேன் என்று நினைக்கவேண்டாம். அவர்களுடைய வண்டவாளமும் உண்டு. ஒரு சிட்டிகைச் சாம்பலில் சுருட்டின் ஜாதகத்தையே கணிக்கும் இர்ரெகுலர்ஸ் சங்கம், பெண்களைச் சேர்க்கக்கூடாது என்பதற்கு ஒரு நல்ல காரணத்தைப் பல வருஷம் தேடியும் கண்டுபிடிக்கவில்லை. ஆனாலும் சேர்க்கவில்லை. 1968 ஜனவரியில் சில கல்லூரிப் பெண்கள் விருந்து நடந்த இடத்தின் வாசலில் கொடும்பனியில் கோஷ அட்டையோடு நின்றார்கள். கதவு திறக்கவில்லை. பெண்கள் தங்களுக்கென்று இருந்த தனிச் சங்கத்தை ஜாம்ஜாமென்று நடத்தினார்கள். இர்ரெகுலர்ஸ் கதவு திறந்தது 1991-ல். வாட்சனே பெண் என்று ஐம்பது வருஷம் முன்பு அதே சங்கத்தில்தான் பேசினார்கள் என்பதை இங்கே மறந்துவிடாதீர்கள்.

இன்னொரு பக்கம், விளையாட்டு என்றே தெரியாமல் ஆடியவர்கள். ஹோம்ஸின் விலாசம் 221பி பேக்கர் ஸ்ட்ரீட் என்று டாயில் எழுதிய காலத்தில் அந்தத் தெரு அவ்வளவு நீளமே இல்லை. பிற்பாடு எண்கள் மாற்றப்பட்டபோது அந்த இடம் 1930-களில் ஒரு வீட்டுக்கடன் நிறுவனத்தின் வசம் வந்தது. கூடவே ஹோம்ஸுக்கு வரும் கடிதங்களும் வந்தன. காணாமல்போன பொருளைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லி உலகம் முழுவதிலிருந்தும் விண்ணப்பங்கள்! நிறுவனம் பதில் எழுதவே ஒரு செயலாளரைப் போட்டது. ஐயா ரிட்டயர் ஆகிவிட்டார், சஸெக்ஸில் தேனீ வளர்க்கிறார் என்று மரியாதையாகப் பதில் போனது. 1990-ல் அருகில் ஹோம்ஸ் மியூசியம் திறந்ததும், அந்தக் கடிதங்கள் யாருக்குச் சொந்தம் என்று இரண்டு பேரும் மல்லுக்கு நின்றார்கள். இல்லாத மனிதருக்கு வந்த தபாலுக்கு வாரிசுச் சண்டை.

சரி, இந்த விளையாட்டில் படுதோல்வி அடைந்தவர் யார் தெரியுமா? சாட்சாத் கோனன் டாயில்தான். யார்க்‌ஷயரின் காட்டிங்லி கிராமத்தில் இரண்டு சிறுமிகள் தேவதைகளோடு நின்று போட்டோ எடுத்திருந்தார்கள். 1920-ல் அதே 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகையில், தேவதைகள் நிஜம் என்று டாயில் கட்டுரை எழுதினார். 1922-ல் புத்தகமே போட்டார். தேவதைகளின் தலையலங்காரம் லேட்டஸ்ட் பாரிஸ் ஃபேஷனில் இருப்பதாக ஊர் சிரித்தது. 1983-ல், பாட்டிகளாகிவிட்ட அந்தச் சிறுமிகள் உண்மையைச் சொன்னார்கள்: அட்டையில் வரைந்து வெட்டி, தொப்பி ஊசியால் செடியில் குத்திவைத்தோம். வரைவதற்குப் பார்த்துக் காப்பியடித்தது 'பிரின்சஸ் மேரி'ஸ் கிஃப்ட் புக்' என்ற குழந்தைகள் புத்தகத்தை. அந்தப் புத்தகத்தில் டாயில் எழுதிய கதையும் இருக்கிறது! தன் கதை அச்சான புத்தகத்தைக்கூட அவர் புரட்டிப் பார்க்கவில்லை.

ஆக, ஒரு தட்டில் பந்தய நிபுணர். எல்லாம் சரியாகச் சொன்னார், எதையும் ரசிக்கவில்லை. இன்னொரு தட்டில் டாயில். தேவதைகளை மனமார ரசித்தார், ஒரு கேள்வி கேட்கவில்லை. நடுவில் அந்தப் பைத்தியக்காரக் கூட்டம், பொய் என்று நன்றாகத் தெரிந்தே, மெய் மாதிரி குறுக்கு விசாரணை செய்துகொண்டிருக்கிறது. மூன்று பேரில் புத்தி தெளிவாக இருப்பது அந்தப் பைத்தியங்களுக்குத்தான் என்பது என் தீர்ப்பு.

அதனால், உங்களுக்குப் பிடித்த நாவலிலோ சினிமாவிலோ ஓட்டை கண்டுபிடிப்பவரைப் பார்த்து, "ரசிக்கத் தெரியாத ஜென்மம்" என்று உடனே பாயாதீர்கள். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "சார், இதை எத்தனை தடவை படிச்சிருக்கீங்க?" 'ஒருதரம்' என்றால் அவர் விமர்சகர், வணக்கம் சொல்லி அனுப்பிவிடலாம். 'எண்ணவில்லை' என்றால் நம்ம ஆள். காபி சொல்லுங்கள்.